எடை குறைந்த மிட் எஞ்சின் ஸ்போர்ட்ஸ் கார்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எடை குறைவான மிட் எஞ்சின் கார்களைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால். குதிரைத்திறன் என்று வருமிடமெல்லாம் மெட்ரிக் குதிரைத்திறன். பிரிட்டிஷ், அமெரிக்கக் கணக்கில் இதே எஞ்சின்களுக்கு ஒன்றரை சதவீதம் அளவுக்குக் குறைவான எண் வரும்.

மிட் எஞ்சின்னா என்ன? எஞ்சின் பின்னாடி இருந்தா அது ரியர் எஞ்சின்தானே?

இல்லை. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் எஞ்சின் இருந்தால் மிட் எஞ்சின். பின் அச்சையும் தாண்டி வெளியே தொங்கினால் ரியர் எஞ்சின். போர்ஷே 911 ரியர் எஞ்சின். அதே நிறுவனத்தின் கேமன் மிட் எஞ்சின். முன்பக்க எஞ்சினையே முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைத்த கார்களும் கணக்குப்படி மிட் எஞ்சின்தான், ஆனால் பேச்சுவழக்கில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. இந்தப் பக்கத்திலும் ஓட்டுநருக்குப் பின்னால் எஞ்சின் இருக்கும் கார்கள் மட்டும்தான்.

எஞ்சினை நடுவுல வைக்கிறதால அப்படி என்ன லாபம்?

காரிலேயே கனமான பொருள்கள் எஞ்சினும் கியர்பாக்ஸும். அவை நடுப்பகுதிக்குப் பக்கத்தில் இருந்தால் காரைத் திருப்புவது எளிது. தண்ணீர் நிரம்பிய இரண்டு வாளிகளைக் கைகளை நீட்டிப் பிடித்துக்கொண்டு சட்டென்று திரும்பிப் பாருங்கள். பிறகு அதே வாளிகளை உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு திரும்புங்கள். மொத்த எடை ஒன்றுதான், அது எங்கே இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

இரண்டாவது லாபம் பின் சக்கரங்களின் பிடிப்பு. கார் முன்னோக்கிப் பாயும்போது பாரம் பின்னால் சாய்கிறது. ஏற்கெனவே அங்கே எஞ்சினும் இருப்பதால் டயர் வீணாகச் சுழலாமல் சாலையைப் பற்றிக்கொள்ளும். மூன்றாவது லாபம் பலருக்குத் தெரிவதில்லை: முன்பக்கம் லேசாக இருப்பதால் பவர் ஸ்டீயரிங்கே தேவையில்லாமல் போகலாம். முதல் லோட்டஸ் எலீஸில் அது கிடையாது.

எத்தனை கிலோ வரைக்கும் லைட் வெயிட்னு சொல்லலாம்?

சட்டம் எதுவும் இல்லை, காலத்துக்குக் காலம் கோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது. 1991இல் வந்த ஹோண்டா பீட் 760 கிலோ. 1996இல் வந்த முதல் எலீஸ் சுமார் 725 கிலோ. 1999இல் வந்த மூன்றாம் தலைமுறை டொயோட்டா எம்ஆர்2 ஒரு டன்னுக்குச் சற்றே குறைவு. இன்றைய மோதல் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டு, கூரை, கண்ணாடி, ஏசி எல்லாவற்றோடும் 1,100 கிலோவில் ஒரு காரைச் செய்தாலே பெரிய சாதனை. 2017இல் வந்த அல்பீன் ஏ110 அதைத்தான் செய்தது.

ஏரியல் ஆட்டம் 4 வெறும் 595 கிலோ என்று யாராவது குறுக்கே வருவார்கள். உண்மைதான். ஆனால் அதற்குக் கதவும் இல்லை, கூரையும் இல்லை. அதை ஏ110-உடன் ஒரே பட்டியலில் வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆல்ஃபா ரோமியோ 4சி-க்கு ஒரு இடத்துல 895 கிலோ, இன்னொரு இடத்துல 1,118 கிலோனு போட்டிருக்கு. எது பொய்?

இரண்டும் உண்மை. 895 என்பது ஐரோப்பிய மாடலின் உலர் எடை. பெட்ரோல், எஞ்சின் ஆயில், குளிரூட்டும் திரவம் எதுவும் இல்லாமல் நிறுத்தது. 1,118 என்பது அமெரிக்காவில் விற்ற மாடலின் கர்ப் எடை, அதாவது எல்லாத் திரவங்களும் நிரப்பி ஓட்டத் தயாராக நிற்கும் எடை. 40 லிட்டர் பெட்ரோலே 30 கிலோ வரும். ஆனால் 223 கிலோ வித்தியாசத்தை எரிபொருளும் ஆயிலும் மட்டும் விளக்கிவிடாது. அமெரிக்க விதிகளுக்காகச் சேர்த்த அலுமினிய வலுவூட்டல், கூடுதல் ஏர்பேக், ஏசி போன்றவையும் அதில் அடக்கம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஜெர்மன் தரநிலையான டிஐஎன் கணக்கில் ஓட்டுநர் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியக் கணக்கில் 75 கிலோ ஓட்டுநர் சேர்க்கப்படுவார். போர்ஷே இரண்டையும் வெளியிடுகிறது: 718 கேமன் மேனுவல் மாடல் ஒரு கணக்கில் 1,335 கிலோ, மற்றதில் 1,410 கிலோ. விளம்பரத்தில் ஓர் எடையைப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டியது, இது எந்தக் கணக்கு என்பதுதான். ஒரு காரின் உலர் எடையை மற்றொன்றின் கர்ப் எடையோடு ஒப்பிட்டுவிட்டு நடக்கும் சண்டைகளுக்கு அளவே இல்லை.

பவரை எடையால வகுத்துப் பார்த்தா போதாதா? அதுதானே வேகம்?

தொடங்குவதற்கு நல்ல எண் அது, அதிலேயே நின்றுவிடக் கூடாது. முதல் எலீஸ் 120 குதிரைத்திறன், 725 கிலோ: டன்னுக்கு சுமார் 165. அல்பீன் ஏ110-க்கு 252 குதிரைத்திறன், அறிமுகப் பதிப்பின் எடை 1,103 கிலோ: டன்னுக்கு 228. 718 கேமனுக்கு 300 குதிரைத்திறன், 1,335 கிலோ: டன்னுக்கு 225. 4சி-க்கு 240 குதிரைத்திறன். உலர் எடையால் வகுத்தால் 268, அமெரிக்கக் கர்ப் எடையால் வகுத்தால் 215. ஒரே கார், இரண்டு எண்கள். முந்தைய பதிலில் சொன்ன சிக்கல் இங்கே எப்படிப் பெருகுகிறது பாருங்கள்.

வேகம் கூடக்கூட எடையின் பங்கு குறைந்து காற்றின் பங்கு கூடுகிறது. உச்ச வேகத்தில் எஞ்சின் போராடுவது பெரும்பாலும் காற்றோடுதான். டன்னுக்கு எத்தனை குதிரைத்திறன் என்பது அங்கே ஒன்றும் சொல்லாது, மொத்தக் குதிரைத்திறனே பேசும். எலீஸுக்கு 200 கி.மீ. அளவில் மூச்சு வாங்கத் தொடங்கிவிடும், 718 அனாயாசமாக 275 வரை போகும்.

ஏ110-க்கும் 718-க்கும் அந்த விகிதம் ஒண்ணுதான்னா, 232 கிலோ குறைச்சு என்ன பிரயோஜனம்?

எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். நேர்க்கோட்டில் பெரிய பிரயோஜனம் இல்லை. பூஜ்யத்திலிருந்து 100 கி.மீ. வேகத்துக்கு ஏ110 எடுப்பது 4.5 விநாடி, 718 மேனுவலுக்கு 5.1, இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸும் ஸ்போர்ட் க்ரோனோ என்ற கூடுதல் தொகுப்பும் இருந்தால் 4.7. கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஆனால் குதிரைத்திறன் உதவுவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும். பிரேக் போடும்போதும் வளைவில் திரும்பும்போதும் எஞ்சின் எவ்வளவு பெரியது என்பது உங்களைக் காப்பாற்றாது. 100 கி.மீ. வேகத்தில் போகும் 1,103 கிலோ காரை நிறுத்த பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் சுமார் 425 கிலோஜூல். 1,335 கிலோ காருக்கு அதே வேகத்தில் 515. ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் 21 சதவீதம் கூடுதல் வெப்பம். பந்தயத் தடத்தில் சுற்றுக்குச் சுற்று இது சேர்ந்துகொண்டே போகும்.

டயரையும் பாருங்கள். ஏ110-இன் முன் டயர் 205 மி.மீ. அகலம், பின் டயர் 235. அடிப்படை 718-இல் 235-உம் 265-உம். கனமான காருக்கு அகலமான டயர், அதைத் தாங்கப் பெரிய சக்கரம், அதை நிறுத்தப் பெரிய பிரேக், எல்லாவற்றையும் தாங்கக் கெட்டியான சஸ்பென்ஷன். எடை எடையை இழுத்துவரும். லேசான காரில் இந்தச் சங்கிலி தலைகீழாக ஓடும்: மென்மையான ஸ்பிரிங் போதும், அதனால் மோசமான சாலையிலும் கார் குதிக்காமல் போகும். ஏ110-ஐ ஓட்டியவர்கள் அதன் வேகத்தைவிட அதன் சொகுசைப் பற்றி அதிகம் பேசுவதற்குக் காரணம் இதுதான்.

எடை 50-50 பிரிஞ்சிருந்தாத்தானே சரியான பேலன்ஸ்?

விளம்பரங்கள் நன்றாக வேலை செய்திருக்கின்றன. ஏ110-இல் முன்பக்கம் 44, பின்பக்கம் 56 சதவீதம். பின் சக்கரம் இழுக்கும் காருக்கு இது குறையே அல்ல. பிடிப்பு தேவைப்படும் இடத்தில் பாரம் இருக்கிறது, அதற்கேற்பப் பின் டயரை அகலமாகப் போட்டுவிட்டார்கள். பிரேக் போடும்போது பாரம் முன்னால் சாய்ந்து நான்கு டயர்களும் ஏறக்குறைய சமமாக உழைக்கும்.

மிட் எஞ்சின் கார் திடீர்னு பின்பக்கம் சுத்திடும்னு பயமுறுத்துறாங்களே?

பயத்துக்குக் காரணம் உண்டு. வாளிக் கணக்கு இங்கே எதிராக வேலை செய்கிறது: எளிதில் திரும்பும் கார் எளிதில் சுழலவும் செய்யும். வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் பாரம் முன்னால் ஓடி, பின் டயர் பிடிப்பை இழக்கும். 1989இல் வந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா எம்ஆர்2-வின் ஆரம்ப மாடல்களுக்கு இதனால் கெட்ட பெயர் வந்தது. டொயோட்டா பிறகு சஸ்பென்ஷனையும் டயர் அளவையும் மாற்றியது.

இன்றைய கார்களில் மின்னணுக் கட்டுப்பாடு இதைப் பெருமளவு அடக்கிவிடுகிறது. எலீஸ் மாதிரி பழைய கார் என்றால், பிரேக்கை வளைவுக்கு முன்பே முடித்துவிடுங்கள், உள்ளே போனபின் காலை நிதானமாக வையுங்கள். அவ்வளவுதான்.

சின்ன கார், நாலு சிலிண்டர் எஞ்சின். எதுக்கு இவ்வளவு விலை?

எஞ்சினுக்கு அல்ல, எடைக் குறைப்புக்குத்தான் பணம் போகிறது. சொல்லப்போனால் எஞ்சின்தான் இந்தக் கார்களில் மலிவான பகுதி. முன் சக்கரம் இழுக்கும் ஒரு சாதாரணக் காரின் எஞ்சின், கியர்பாக்ஸை அப்படியே எடுத்துப் பின்பக்கம் வைத்துவிடலாம். டொயோட்டா எம்ஆர்2 செய்தது இதைத்தான். எலீஸ் முதலில் ரோவர் எஞ்சினும் பிறகு டொயோட்டா எஞ்சினும் வாங்கியது. ஏ110-இன் 1.8 லிட்டர் டர்போ ரெனோ மெகான் ஆர்எஸ்-இலும் இருந்தது.

ஆனால் காரின் அடிச்சட்டமான சேசிஸைக் கடன் வாங்க முடியாது. எலீஸின் அலுமினியச் சட்டங்கள் பசையால் ஒட்டப்பட்டவை, அதற்கென்றே உருவாக்கிய முறை. ஏ110-இன் சேசிஸும் உடலும் அலுமினியம். கூடவே சின்னச் சின்னக் கிராம்கள்: ஏ110-இன் சாபெல்ட் இருக்கை ஒன்று 13.1 கிலோதான், கைப்பிரேக்கைப் பின் பிரேக் காலிப்பருக்குள்ளேயே சேர்த்து 2.5 கிலோ மிச்சம் பிடித்தார்கள். லட்சக்கணக்கில் விற்கும் கார் என்றால் இந்தச் செலவு பரவிக் கரைந்துவிடும். சில ஆயிரம் விற்கும் காரில் ஒவ்வொருவர் தலையிலும் விழும்.

விலையை ஒப்பிட்டால் வேடிக்கையாக இருக்கும். ஏ110 அறிமுகப் பதிப்பு பிரான்சில் 58,500 யூரோ. அதைவிடக் கனமான 718 கேமன் ஜெர்மனியில் 2016இல் 51,623 யூரோவில் தொடங்கியது. லேசான கார்தான் விலை கூட. ஆனால் அல்பீனின் அறிமுகப் பதிப்பில் சாமான் எல்லாம் சேர்ந்தே வந்தது. போர்ஷேயில் ஆரம்ப விலைக்கு ஒருவரும் வாங்குவதில்லை, கூடுதல் பட்டியலைத் திறந்தால் விலை ஏறிக்கொண்டே போகும்.

கார்பன் ஃபைபர்னா அலுமினியத்தைவிட மேல்தானே? அப்ப 4சி-யே ஜெயிச்சிடுதே?

4சி-யில் ஆட்கள் உட்காரும் நடுச்சட்டமே ஒரு கார்பன் ஃபைபர் தொட்டி, எடை 65 கிலோ. பதினேழு ஆண்டுகளுக்கு முந்தைய எலீஸின் அலுமினிய சேசிஸ் 68 கிலோ. வித்தியாசம் மூன்று கிலோ! கார்பனின் பலம் எடையில் மட்டும் இல்லை, விறைப்பில் இருக்கிறது. முறுக்கினால் வளையாத சேசிஸ் இருந்தால்தான் சஸ்பென்ஷன் துல்லியமாக வேலை செய்யும். அந்த விலையில் கார்பன் தொட்டி கொடுத்தது ஆல்ஃபாவின் துணிச்சல். அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் நல்ல தொட்டி மட்டும் நல்ல கார் ஆகிவிடாது. 4சி-யில் பவர் ஸ்டீயரிங் இல்லை. எலீஸிலும் இல்லை, அங்கே அது வரம். 4சி-யில் சாலையின் சரிவுகளும் தடங்களும் ஸ்டீயரிங்கைத் தங்கள் பக்கம் இழுக்கின்றன என்று விமர்சகர்கள் பலர் எழுதினார்கள். 2015 மாடல் 4சி-யும் 2017 மாடல் 718 கேமனும் அமெரிக்காவில் தொடங்கியது ஒரே விலையில், 53,900 டாலர். கார்பனைப் பார்த்தால் 4சி, ஓட்டிப் பார்த்தால் கேமன் என்பதுதான் என் கட்சி.

செவ்ரலே கொர்வெட் சி8 அறுபதாயிரம் டாலருக்கு 3 விநாடியில 100 தொடுது. இதுங்களை எதுக்கு வாங்கணும்?

பணத்துக்கு வேகம் என்று கணக்குப் போட்டால் பதில் இல்லை, கொர்வெட்டே வென்றுவிடும். 2020இல் 59,995 டாலரில் தொடங்கியது. இசட்51 தொகுப்போடு 502 குதிரைத்திறன், மணிக்கு 60 மைல் வேகம் 2.9 விநாடியில். ஆனால் உலர் எடையே 1,530 கிலோ. இரண்டு முதல் எலீஸ்களைத் தராசில் ஏற்றினால் 1,450தான் வரும். பிரேக், டயர் பற்றி மேலே சொன்னது எல்லாம் இங்கே இன்னும் கூடுதலாகப் பொருந்தும். அகலமும் அதிகம், ஒடுங்கிய மலைச்சாலையில் காரை இடம் பார்த்து வைக்கவே கவனம் போய்விடும்.

லோட்டஸே இப்ப கனமாத்தானே செய்யறாங்க?

ஆமாம். எலீஸ் உற்பத்தி 2021இல் முடிந்தது. அதே ஆண்டு எமிரா என்ற புதிய காரை அறிவித்தபோது லோட்டஸ் சொன்ன குறைந்தபட்ச எடை 1,405 கிலோ, ஏறக்குறைய முதல் எலீஸைப் போல இரு மடங்கு. ஏர்பேக், ஒலித்தடுப்பு, திரைகள், நல்ல இருக்கை, எளிதாக ஏறி இறங்கும் கதவு, எல்லாமே கிலோதான். எலீஸுக்குள் ஏறி உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு எமிரா ஏன் வந்தது என்று புரியும்.

என் எடையும் கணக்குல வருமா?

வரும், லேசான காரில் அதிகமாகவே வரும். 80 கிலோ ஆள் எலீஸில் ஏறினால் மொத்த எடை 11 சதவீதம் கூடும். ஆட்டம் 4-இல் இரண்டு பேர் உட்கார்ந்தால் 595 என்பது 755 ஆகிவிடும், டன்னுக்கு 540-ஐத் தாண்டிய குதிரைத்திறன் 430-க்குக் கீழே இறங்கும்.

பழைய காரை வாங்கி ஏசி, கார்ப்பெட் எல்லாம் கழட்டிட்டா லேசாயிடுமா?

ஆகும், ஓரளவுக்கு. ஹோண்டா 1992இல் என்எஸ்எக்ஸ் டைப் ஆர் செய்தபோது ஏசி, ஒலித்தடுப்பு எனப் பலதையும் நீக்கி, பாகங்களை மாற்றி, சுமார் 120 கிலோ குறைத்தது. அது தொழிற்சாலை செய்த வேலை. வீட்டில் கழற்றினால் முதல் 20 கிலோ சும்மா கிடைக்கும், அடுத்த 20-க்குக் காசு, அதற்கடுத்த 20-க்குக் கண்ணீர். அல்பீனே ஏ110 ஆர்-இல் எஸ் மாடலைவிட 34 கிலோதான் குறைக்க முடிந்தது. அதில் 12.5 கிலோ கார்பன் சக்கரங்களிலிருந்து வந்தது. 2022இல் அறிமுக விலை 105,000 யூரோ.

செலவழிப்பதானால் சக்கரத்தில் செலவழியுங்கள். ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை, அதுவும் சுழலும் எடை, மற்ற இடத்து எடையைவிட அதிகமாக உணரப்படும்.

காசு பிரச்சினையே இல்லைன்னா எவ்வளவு லேசாக்கலாம்?

கார் வடிவமைப்பாளர் கோர்டன் மர்ரேயின் டி.50: 4 லிட்டர் வி12, 663 குதிரைத்திறன், 986 கிலோ. அவரே 1992இல் கொண்டுவந்த மெக்லாரன் எஃப்1-ஐவிட 150 கிலோ குறைவு. வரி இல்லாமல் 23.6 லட்சம் பவுண்டு, செய்தது நூறு கார்கள். ஏ110-க்கும் இதற்கும் எடையில் வித்தியாசம் 117 கிலோதான். வி12 எஞ்சினோடு அதைச் செய்ததுதான் விஷயம்.

எலெக்ட்ரிக் ஆனா இந்த வகைக் காரே செத்துடுமா?

2008இல் வந்த டெஸ்லா ரோட்ஸ்டர் எலீஸை அடிப்படையாகக் கொண்டதுதான். பேட்டரி மட்டும் சுமார் 450 கிலோ. அதாவது முதல் எலீஸின் எடையில் அறுபது சதவீதத்துக்கு மேல். நேர்க்கோட்டில் எலீஸை எளிதில் தோற்கடித்தது, வளைவில் எடை தெரிந்தது. பேட்டரி லேசாகும் வரை ஒரு டன்னுக்குள் நல்ல தூரம் ஓடும் மின்சார ஸ்போர்ட்ஸ் கார் கடினம்தான். மின்மோட்டார் எவ்வளவு திறன் கொடுத்தாலும், 718 கேள்வியில் சொன்ன அதே காரணத்தால் பிரேக்கும் டயரும் கணக்கைக் கேட்கும்.

பழைய எலீஸ் வாங்கலாம்னு இருக்கேன். என்ன பார்க்கணும்?

முதலில் சேசிஸ். பசையால் ஒட்டிய அலுமினியம் ஒரு முறை வளைந்துவிட்டால் தட்டி நிமிர்த்த முடியாது. காரைத் தூக்கி வைத்து அடியில் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். அடுத்து உடல்: முன்பக்கமும் பின்பக்கமும் பெரிய ஒற்றை ஃபைபர் கிளாஸ் வார்ப்புகள். மூலையில் சின்ன இடி என்றாலும் முழு வார்ப்பையும் கழற்ற வேண்டி வரலாம், வண்ணம் பொருந்தாத இடம் தெரிந்தால் காரணம் கேளுங்கள்.

ரோவர் எஞ்சின் என்றால் ஹெட் கேஸ்கெட் மாற்றியிருக்கிறார்களா, குளிரூட்டும் திரவம் குறைகிறதா என்று பாருங்கள். டொயோட்டா எஞ்சினில் அந்தக் கவலை குறைவு, அதனாலேயே விலை கூட. அப்புறம், வாங்குவதற்கு முன் கூரையைப் போட்ட நிலையில் ஒரு முறை உள்ளே ஏறி இறங்கிப் பாருங்கள். அங்கேயே பலர் 718 பக்கம் போய்விடுகிறார்கள்.